புது இதயம், பழைய ஜாதகம்

தேய்ந்துபோன டீசல் எஞ்சினைக் கழற்றி, வேறொன்றைப் பொருத்தி, பழைய வேன்களுக்கு மறுபிறவி கொடுக்கும் தொழில் வட இந்தியாவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் வண்டியின் ஆயுளை முடிவு செய்யும் அதிகாரம் உஸ்தாதின் கையை விட்டுக் காலண்டருக்குப் போய்விட்டது.

பிப்ரவரி மாத ஹல்த்வானியில் காலை ஐந்தரை மணி என்பது இன்னும் இரவுதான். குமாவூன் மலையடிவாரத்து மூடுபனியில் தெருவிளக்குகள் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிகின்றன. மண்டிக்குப் போகும் சாலையோரம் ஒரு டெலிவரி வேன் கிளம்ப மறுத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் சாவியைப் பாதி திருப்பி, ஹீட்டர் பிளக் விளக்கு அணையும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறார். பிறகு முழுதாகத் திருப்புகிறார். ஸ்டார்ட்டர் முனகுகிறது, பின்னாலிருந்து வெள்ளைப் புகை மட்டும் கிளம்புகிறது. மறுபடி ஹீட்டர், மறுபடி முனகல். இன்னொரு முறை முயன்றால் பாட்டரி இறங்கிவிடும் என்பதால் டீக்கடையில் நிற்கும் நாலு பேரைத் தள்ளக் கூப்பிடுகிறார். ராத்திரி வண்டியை மேட்டில்தான் நிறுத்த வேண்டும் என்ற பாடத்தை அவர் படித்து ஒரு மாதமாகிறது.

இந்தக் காட்சியில் வரும் வண்டிக்காரருக்குப் பெயர் அவசியமில்லை. மலையடிவார ஊர்களில் அவரைப் போன்றவர்கள் எத்தனையோ பேர். எல்லாருடைய கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். சொந்தமாக ஒரே ஒரு வண்டி, அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ராம்கட், முக்தேஷ்வர் பக்கத்திலிருந்து உருளைக்கிழங்கும் பட்டாணியும் ஏற்றி இறக்க வேண்டும். மே மாதம் பிறந்துவிட்டால் பீச், பிளம், ஆப்ரிகாட். பழம் யாருக்காகவும் காத்திருக்காது. அந்த இரண்டு மாத ஓட்டம்தான் வருடத்தின் மற்ற மாதங்களின் தவணையைக் கட்டுகிறது. பிப்ரவரியில் முரண்டு பிடிக்கும் வண்டியை மே மாதத்துக்குள் சரி செய்தாக வேண்டும்.

தள்ளிக் கிளப்பிய வண்டி நேராக ஒர்க் ஷாப்புக்குத்தான் போகிறது. அங்கே உஸ்தாத் (தலைமை மெக்கானிக்கை இந்தி பேசும் பகுதிகளில் இப்படித்தான் கூப்பிடுவார்கள்) எந்தக் கருவியையும் எடுப்பதில்லை. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுக்கிறார். உள்ளேயிருந்து ரயில் எஞ்சின் போலக் குபுகுபுவென்று புகை வருகிறது. அந்தத் துவாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். கை தள்ளப்படுகிறது. "பேக் மார் ரஹா ஹை." வட இந்திய டீசல் உலகில் இதைவிடக் கொடிய நான்கு சொற்கள் இல்லை. எஞ்சின் பின்னால் அடிக்கிறது என்று பொருள். முன்னே தள்ள வேண்டிய விசை பின்னே கசிகிறது. எஞ்சினின் காலம் முடிந்துவிட்டது.

தில்லி தள்ளிவிட்ட வண்டி

வேன் தில்லியிலிருந்து வந்தது. அங்கே 2009-ல் பதிவாகி, ரொட்டிப் பெட்டிகளையோ மருந்து அட்டைகளையோ சுமந்து, பத்து வருடம் தெருத் தெருவாக நின்று நின்று ஓடியது. 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகள் தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் பிராந்தியத்திலும் ஓடக்கூடாது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதன் பிறகு பத்தாவது பிறந்தநாளை நெருங்கும் ஒவ்வொரு தில்லி டீசல் வண்டிக்கும் இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று, காயலான் கடை. மற்றொன்று, ஆட்சேபணையில்லாச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பிராந்திய எல்லையைத் தாண்டிப் போய்விடுவது. பாட்னாவிலும் ஜெய்ப்பூருக்கு அப்பாலும் உத்தராகண்டிலும் 'தில்லி வண்டி' என்பது தனி ரகமாகிவிட்டது. பெயிண்ட் பளபளக்கும், விலை மலிவாக இருக்கும், எஞ்சின் எப்படி என்று மட்டும் யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

இந்த வேனின் வம்சாவளி கொஞ்சம் பெருமைக்குரியது. புனேயின் பஜாஜ் டெம்போ நிறுவனம் (2005 முதல் இதன் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) 1980-களின் பிற்பகுதியில் டிராவலர் வேனைக் கொண்டுவந்தபோது வண்டியின் வடிவம், எஞ்சின் இரண்டுமே மெர்சிடிஸ் பென்ஸ் வழியில் வந்தவை. ஓ.எம். 616 என்ற அந்த நாலு சிலிண்டர், 2.4 லிட்டர் டீசல் எஞ்சின் ஜெர்மனியில் டாக்சிகளை இழுத்துப் பேர் வாங்கியது. இந்தியாவிலோ மெட்டாடோர், டிராக்ஸ், டிராவலர் என்று ஒரே நிறுவனத்தின் பலவகை வண்டிகளில் உட்கார்ந்தது. போதாக்குறைக்கு, பெட்ரோல் குடித்துக் கட்டுப்படியாகாத ஜீப்புகளுக்குள்ளும் லோக்கல் மெக்கானிக்குகள் அதை இறக்கினார்கள். டீசல் விலை பெட்ரோலைவிட வெகு கீழே இருந்த காலம் அது. பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசலைப் பொருத்துவது இந்தியா முழுவதும் ஒரு குடிசைத் தொழிலாகவே நடந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு விலக்கிக்கொண்டபோது அந்தக் கணக்கின் சுவாரசியம் குறைந்தது. ஆனால் எஞ்சினை இறக்கி ஏற்றும் கைப்பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அழுத்தம் என்கிற நெருப்பு

தேய்ந்த எஞ்சின் காலையில் மட்டும் அடம்பிடிப்பதற்குக் காரணம் டீசலின் சுபாவம். பெட்ரோல் எஞ்சினில் தீ மூட்ட ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசலில் அது கிடையாது. உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் நசுக்கும் நசுக்கில் பிறக்கும் சூடுதான் நெருப்பு. இந்த வேனின் எஞ்சின் காற்றை இருபத்தொன்றில் ஒரு பங்காக அமுக்குகிறது. அப்படி அமுங்கிப் பழுக்கக் காய்ந்த காற்றில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டனைச் சுற்றியுள்ள மெல்லிய ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துவிட்டால் அமுக்க வேண்டிய காற்று இடுக்கு வழியே கீழே நழுவுகிறது. சூடு போதவில்லை. மத்தியானத்தில் எப்படியோ சமாளிக்கும் எஞ்சின், பிப்ரவரிக் காலையில் எரியாத டீசலை வெள்ளைப் புகையாகத் துப்புகிறது. அதே இடுக்கு வழியே கீழிருந்து எஞ்சின் ஆயில் மேலே ஏறி எரியும்போது புகை நீலமாகிறது. இரண்டு நடைக்கு ஒருமுறை ஒரு லிட்டர் ஆயில் ஊற்றவேண்டி வந்தால் வண்டிக்காரருக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது. டிப் ஸ்டிக்கே சொல்லிவிடும்.

தேய்மானம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதன் பின்னால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டியே வருடக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். உள்ளே போன தூசி உப்புத்தாள் வேலை செய்திருக்கும். ரேஷன் மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைத்த வருடங்களில் டீசலில் அது கலக்காத ஊர் குறைவு. மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு போதாது. அந்த வழுவழுப்பை நம்பியே வாழும் டீசல் பம்ப் அரைபட்டுப்போகும். மலைப்பாதையில் இன்னொரு விபத்து உண்டு. ஹல்த்வானியிலிருந்து நைனிதால் நாற்பது கிலோமீட்டர்தான். அதற்குள் சாலை ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. சுமையோடு இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். கூலன்ட் என்ற சமாச்சாரத்துக்குக் காசு செலவழிக்க மனமில்லாதவர் வழியில் உள்ள ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவார். உப்புப் படிந்து அடைத்த ரேடியேட்டர் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கொதிக்கும். அப்படி இரண்டு மூன்று முறை கொதித்தால் சிலிண்டர் ஹெட் வளைந்துபோகும்.

தேய்ந்த டீசல் எஞ்சினைப் பிடிவாதமாக ஓட்டுவதில் ஓர் உயிராபத்தும் இருக்கிறது. பின்னடிக்கும் ஆயில் புகை, காற்றுக் குழாய் வழியாக மறுபடி எஞ்சினுக்குள்ளேயே போகும் அமைப்பு கொண்ட வண்டிகளில், அந்தப் புகையையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு எஞ்சின் தறிகெட்டு ஓடத் தொடங்கலாம். சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது, ஏனென்றால் அது குடிப்பது டாங்கில் உள்ள டீசலை அல்ல. காற்று வரும் வழியைக் கோணித்துணியால் அடைக்கவோ, டாப் கியரில் போட்டு பிரேக்கை அழுத்தி மூச்சை நிறுத்தவோ தெரிந்த ஓட்டுநர் பிழைப்பார். தெரியாதவர் எஞ்சின் சிதறும்வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

போரா, மாற்றா?

இனி என்ன செய்வது? முதல் யோசனை எப்போதும் 'போர்' போடுவதுதான். எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர்களை லேத் பட்டறையில் கொடுத்துக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டனும் ரிங்கும் போட வேண்டும். கிராங்க் ஷாஃப்டைச் சாணை பிடித்து அதற்கேற்ற பேரிங். ஹெட்டைச் சமன்படுத்தி வால்வு உட்கார வைத்து, டீசல் பம்பைத் தனியாகப் பம்ப் மெக்கானிக்கிடம் கொடுத்து மேடையில் ஏற்றி அளவு சரிபார்க்க வேண்டும். நேர்மையாகச் செய்த போர் வேலை புது எஞ்சினுக்கு ரொம்பப் பின்தங்கியது அல்ல. சிக்கல் அந்த 'நேர்மையாக' என்ற சொல்லில் இருக்கிறது. பிஸ்டன் செட்டில் அசலும் உண்டு, அசலின் அட்டைப்பெட்டியில் வரும் போலியும் உண்டு. கடைபவர் கை ஒரு நூலிழை பிசகினால் ஆறு மாதத்தில் பழைய புகை திரும்பி வரும். ஏற்கெனவே ஒருமுறை இருமுறை கடைந்த எஞ்சின் என்றால் மேலும் கடைவதற்குச் சுவரில் இரும்பு மிச்சம் இருக்காது. தில்லி வண்டி இதற்கு முன் எத்தனை முறை கடையப்பட்டது என்று அதன் ஆர்.சி. புத்தகம் சொல்லாது.

கம்பெனியிலிருந்து புது எஞ்சின் வாங்கலாம். ஆனால் அதன் விலை லட்சத்தைத் தாண்டும். வேனின் மொத்த மதிப்பே அதைவிட அதிகமாக இருக்குமா என்பது சந்தேகம். சில தயாரிப்பாளர்கள் பழைய எஞ்சினை வாங்கிக்கொண்டு ஆலையிலேயே புதுப்பித்த எஞ்சினைத் தருகிறார்கள். டாடா மோட்டார்ஸின் 'ப்ரோலைஃப்' திட்டம் அப்படிப்பட்டது. நியாயமான ஏற்பாடுதான், அந்தத் தயாரிப்பாளரின் வண்டியை வைத்திருப்பவர்களுக்கு. மிச்சமிருப்பது மூன்றாவது வழி: உடைந்தோ காலாவதியாகியோ போன இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய, இன்னும் தேயாத எஞ்சின். ஒர்க் ஷாப்பில் வண்டி மூன்று வாரம் பிரிந்து கிடப்பதா, இரண்டு நாளில் மாற்றி ஓட்டுவதா என்று கணக்குப் போடும் ஒற்றை வண்டிக்காரர் பெரும்பாலும் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார். வண்டி நிற்கும் நாட்களுக்கு வங்கி வட்டி நிற்பதில்லை. ஆகவே அவர் உஸ்தாதை அழைத்துக்கொண்டு ராத்திரி பஸ் ஏறுகிறார், தில்லிக்கு.

மாயாபுரியின் தராசு

சென்னைக்குப் புதுப்பேட்டை, கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார், மும்பைக்குக் குர்லா எப்படியோ, அப்படி மேற்கு தில்லிக்கு மாயாபுரி. பல பத்தாண்டுகளாக வட இந்தியாவின் செத்த வண்டிகள் இங்கேதான் உறுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு கடையில் கியர் பாக்ஸ் மட்டும், அடுத்ததில் ஸ்டியரிங் மட்டும், அதற்கடுத்ததில் மலைபோலக் குவித்த ஆக்சில்கள். எஞ்சின் கடைகளின் முன்னால் தரை கருத்து எண்ணெயில் ஊறியிருக்கும். எஞ்சின்கள் பழைய டயர்களின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும், வெளியே வெள்ளி பெயிண்ட் பூசி. பெயிண்ட் எவ்வளவு புதிதோ அவ்வளவு சந்தேகப்பட வேண்டும் என்பது உஸ்தாத்கள் தங்கள் சீடர்களுக்குச் சொல்லும் முதல் எச்சரிக்கை.

இப்போதெல்லாம் கடைக்காரர்கள் எஞ்சின் ஓடுவதை செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வீடியோவில் சத்தம் கேட்கும், புகை கூடத் தெரியும். ஆயில் மூடியின் மேல் கை வைத்துப் பார்க்க முடியாது. நேரில் வந்தால்தான் அந்தச் சோதனை நடக்கும். எஞ்சினைத் தரையிலேயே வைத்து, ஒரு பாட்டரி, ஒரு கேனில் டீசல், ஒரு குழாயில் தண்ணீர் கொடுத்துக் கிளப்புவார்கள். கடைக்காரர் அதை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதற்காக உஸ்தாத் முதலில் பிளாக்கைத் தொட்டுப் பார்ப்பார். சூடான எஞ்சின் எல்லாமே நல்ல எஞ்சின்தான். குளிர்ந்த நிலையில் ஒரே திருப்பில் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. பிறகு ஆயில் மூடி. பிறகு டிப் ஸ்டிக்கில் ஒட்டும் ஆயிலின் நிறம். பாலில் காபி கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ரேடியேட்டர் வாயில் குமிழி வந்தால் ஹெட் காஸ்கெட் போயிருக்கிறது. கடைசியாக, எஞ்சினின் காதருகே ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை வைத்து அதன் கைப்பிடியில் தன் காதை ஒட்டிக்கொள்வார். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் போல. எல்லாம் முடிந்த பிறகே பேரம்.

வாங்குபவர் மறக்கக்கூடாத ஒன்று, பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் எண். அந்த எண் சுத்தமாக இருக்க வேண்டும். அரத்தால் ராவி மறுபடி அடித்த தடயம் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நகர்ந்துவிட வேண்டும். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கு பில் வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் எஞ்சின் எண்ணைக் கொடுத்துத் திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் வசதி பொதுமக்களுக்கே இருக்கிறது. மாயாபுரிக்கு எழுபது கிலோமீட்டர் சுற்றளவில்தான் மீரட்டின் சோத்திகஞ்ச் இருக்கிறது. திருட்டு வண்டிகளை மணிக்கணக்கில் பிரித்துப் போடுவதற்குப் பேர்போன அந்தச் சந்தையைப் போலீஸ் 2021 டிசம்பரில் இழுத்து மூடியது. அதற்கு முன்பு அங்கிருந்து கிளம்பிய எஞ்சின்கள் எந்தெந்த வேன்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை அந்த வேன்களின் சொந்தக்காரர்களே அறியமாட்டார்கள்.

வந்த பொருளின் பூர்வீகத்தை விசாரிக்காத பழக்கத்துக்கு மாயாபுரி ஒருமுறை பெரிய விலை கொடுத்தது. 2010-ல் தில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற ஆய்வுக் கருவி ஒன்று இங்கே வந்து பிரிக்கப்பட்டது. அதற்குள் இருந்தது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். ஒரு தொழிலாளி இறந்தார், பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். இங்கே குற்றவாளி சந்தை மட்டும் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியவர்கள் விற்றவர்கள்.

பிறகு 2019-ல், மாசு காரணமாக மாயாபுரியின் காயலான் கடைகளுக்கு சீல் வைக்கப் போனபோது வியாபாரிகளுக்கும் போலீசுக்கும் கைகலப்பே நடந்தது. வண்டிகளை வெட்டுவதற்குப் பதிவு பெற்ற நிலையங்கள்தான் தகுதியானவை என்று 2021-ன் விதிகள் சொல்லிவிட்டன. ஆனாலும் உறுப்பு வியாபாரம் தொடர்கிறது. நகைமுரண் என்னவென்றால், ஹல்த்வானி வேனுக்குப் பொருத்தமான எஞ்சின் இங்கே கிடைப்பதற்குக் காரணம் அந்தப் பத்து வருட விதியேதான். அதே வருடத்தில் பிறந்த எத்தனையோ வேன்கள் எல்லை தாண்டாமல் இங்கேயே உயிரை விட்டிருக்கின்றன. உடன்பிறந்தவனின் இதயம் இவனுக்கு.

இரண்டு நாள் அறுவை சிகிச்சை

ஒர்க் ஷாப்பில் வேனின் மூக்கைக் கழற்றிவிட்டார்கள். கிரில், ரேடியேட்டர், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் கூடு எல்லாம் ஒரு மூலையில். ஒயர்களுக்கு ஒட்டுத் துணியில் அடையாளம் கட்டிவிடும் வேலை சோட்டுவுக்கு. எந்த ஒர்க் ஷாப்பிலும் கடைசிப் பையனுக்கு அதுதான் பெயர். அடையாளம் கட்டாமல் பிடுங்கினால் திரும்பப் பொருத்தும்போது ஒரு முழுநாள் போகும். செயின் பிளாக்கில் தொங்கும் பழைய எஞ்சின், சொட்டும் கறுப்பு ஆயிலோடு மெல்ல வெளியே வருகிறது.

எஞ்சின் இறங்கியிருக்கும் இந்தச் சமயத்தில் செய்யாமல் விட்ட சின்ன வேலை பின்னால் பெரிய வேலையாகும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். அவற்றுக்காகத் தனியாக கியர் பாக்ஸை இறக்குவது வீண் கூலி. கிராங்க் ஆயில் சீல், தண்ணீர் பம்ப், பெல்ட், ரப்பர் குழாய்கள், எஞ்சின் உட்காரும் மவுண்டிங் ரப்பர்கள் எல்லாம் புதிதாகப் போக வேண்டும். ரேடியேட்டரைப் பிரித்துக் குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யாமல் மாட்டினால், புது எஞ்சினும் பழைய வியாதியிலேயே சாகும். இதிலெல்லாம் மிச்சம் பிடிக்கிற வண்டிக்காரர்களோடு உஸ்தாத் சண்டை போடுவது சகஜம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று பிரேக். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலேயே வெற்றிடம் கிடைக்கும். பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டர் அதில் இயங்கும். டீசலுக்கு அந்த வசதி இல்லாததால் வெற்றிடம் உண்டாக்கத் தனிப் பம்ப் எஞ்சினோடு ஓடுகிறது. அந்தக் குழாயைச் சரியாக மாட்டவில்லையென்றால் எஞ்சின் அழகாக ஓடும். பிரேக் மட்டும் கல்லாக இறுகிக்கிடக்கும். ஒர்க் ஷாப் வாசலில் அது தெரியாது. மலையிறங்கும்போது தெரியும்.

எல்லாம் மாட்டிய பிறகு 'ஏர் எடுக்க' வேண்டும். டீசல் குழாயில் ஒரு குமிழி காற்று இருந்தாலும் எஞ்சின் பிடிக்காது. கைப் பம்பை அழுத்தி அழுத்தி, இன்ஜெக்டர் குழாய்களின் நட்டைத் தளர்த்தி, நுரையில்லாத டீசல் துளும்பும்வரை ஸ்டார்ட்டரை ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு நட்டாக இறுக்கும்போது ஒவ்வொரு சிலிண்டராகப் பேசத் தொடங்குகிறது. முதலில் ஒரு தட்டல், பிறகு இரண்டு, பிறகு நாலும் சேர்ந்து. உஸ்தாத் ஆயில் மூடியைத் திறந்து கை வைக்கிறார். மூச்சு லேசாகத் தட்டுகிறது, தள்ளவில்லை.

பத்து வண்டி வைத்திருப்பவரும் ஒரு வண்டி வைத்திருப்பவரும்

இரும்பு வேலை இரண்டு நாள். காகித வேலை எத்தனை நாள் என்று யாரும் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி வண்டியில் எஞ்சினை மாற்றுவது என்பது பதிவுச் சான்றில் உள்ள விவரத்தை மாற்றுவது. அதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், மாற்றிய பதினாலு நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.-யில் பதிய வேண்டும். ஆய்வாளர் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுப்பார். இன்சூரன்ஸ் பாலிசியிலும் எண் மாற வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டுபவர்கள் ஏராளம். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் எண்ணைப் பார்க்கும் நாளில்தான் அவர்களுக்குத் தாங்கள் மிச்சப்படுத்தியது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று தெரிகிறது.

அதே 52-வது பிரிவில் ஒரு சலுகையும் இருக்கிறது. பத்துக்குக் குறையாத போக்குவரத்து வண்டிகள் வைத்திருப்பவருக்கு, அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை முன் ஒப்புதல் இல்லாமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதி தரலாம். நிர்வாக வசதிக்காக வைத்த ஏற்பாடு என்பது புரிகிறது. ஆனால் ஒரு வண்டி நின்றால் மற்ற ஒன்பதை ஓட்டி மூச்சு விடக்கூடியவருக்குக் கிடைக்கும் இந்தச் சௌகரியம், ஒரே வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்குக் கிடையாது. அவர்தான் ஆர்.டி.ஓ. அலுவலகப் படிகளில் நிற்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே திட்டவட்டமாக அறிவித்துவிட்டது. குளிர்கால தில்லியில் மூச்சு விட்டவர் எவரும் நீதிமன்றத்தின் கோபத்தைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் விதி அளப்பது புகையை அல்ல, பதிவுத் தேதியை. பின்னடித்துக் கருகிக்கொண்டிருக்கும் எட்டு வயது வேன் தில்லிக்குள் சட்டப்படி ஓடலாம்; நல்ல எஞ்சின் மாற்றிய பதினோரு வயது வேன் ஓட முடியாது என்பதே பல வருடங்களாக நிலைமை. புகைச் சோதனை என்று ஒன்று காகிதத்தில் இருக்கத்தான் செய்கிறது, பெட்ரோல் பங்க் ஓரத்துப் பெட்டிக்கடையில்.

அந்த விதியும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. வயது முடிந்த வண்டிகளுக்கு 2025 ஜூலை 1 முதல் தில்லி பங்குகளில் எரிபொருள் கிடையாது என்ற உத்தரவு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டுமே காரணம் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4 தரத்துக்கும் அதற்கு மேலான வண்டிகளுக்கும் மட்டும் என்று சுருக்கியது. வயதை விட்டுவிட்டு எஞ்சினின் தரத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது ஒரு நல்ல திருப்பம்தான், 2009 வேனுக்கு அதனால் லாபமில்லை என்றாலும்.

உஸ்தாதின் கைத்தொழிலுக்கும் கெடு நெருங்குகிறது. 2017 முதல் நாடு முழுக்க பி.எஸ். 4, 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6. புது வேன்களில் டீசல் பம்புக்குப் பதில் காமன் ரெயில், அதை ஆட்டுவிக்க ஒரு கம்ப்யூட்டர், புகையை வடிகட்ட ஒரு வடிகட்டி. எஞ்சினை மட்டும் தூக்கி வைத்தால் போதாது. கம்ப்யூட்டரும் ஒயர் ஜடையும் கூட வரவேண்டும், சாவியோடு அது ஒத்துப்போக வேண்டும். ஸ்க்ரூ டிரைவரில் காது வைத்துக் கேட்டால் சென்சார் என்ன சொல்கிறது என்று தெரியாது. பி.எஸ். 6 வேனின் டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு சி.என்.ஜி. எஞ்சின் வைக்க 2022-ல் மத்திய அரசு வழி செய்தது. வண்டி மூன்றரை டன்னுக்குள் இருக்க வேண்டும், மாற்று எஞ்சின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வேப்பமரத்துக் கிளையில் செயின் பிளாக் கட்டுபவருக்கான வேலை அல்ல அது.

ஹல்த்வானி வேன் ஏப்ரல் கடைசியில் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் நிற்கிறது. ஆர்.சி.-யில் எஞ்சின் எண் மாறிவிட்டது. அதற்கு மேலே பதிவுத் தேதி என்ற கட்டத்தில் 2009 அப்படியே இருக்கிறது. பதினைந்து வயதைத் தாண்டிய வர்த்தக வண்டிக்குத் தகுதிச் சான்று கட்டணம் 2022 முதல் பலமடங்கு ஆகியிருப்பதால், வண்டிக்காரர் அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறார். உஸ்தாத் கொடுத்த உத்தரவு இரண்டு: முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு முழுச் சுமை ஏற்றக்கூடாது, ஆயிரமானதும் ஆயிலை மாற்றி, போல்ட்டுகளை இறுக்க வண்டியைக் கொண்டுவர வேண்டும். ராம்கட்டில் ஆப்ரிகாட் பழுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டபடியே அவர் சாவியைத் திருப்புகிறார். ராத்திரி வண்டியை நிறுத்தியது சமதரையில்தான்.